இளவயதில் பெருங்குடல் புற்றுநோய்: மரபணு சொல்வதும் குடும்பம் சொல்லாததும்

மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று முடிவு செய்து, சிராங்கூன் சாலைக் கடையில் லேகியம் வாங்குவது இந்தியக் குடும்பங்களில் பழகிப்போன வழக்கம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். முப்பது வயதுக்காரருக்கு வேறு சந்தேகம் எழுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சிங்கப்பூரில் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்க நிபுணர் குழு 2021ல் அந்த வயதை 45ஆகக் குறைத்தது. நாற்பதுக்கு உட்பட்டவர்களுக்கோ இரண்டுமே பொருந்தா.

இளையோரின் புற்றுக்கட்டி பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பக்கத்திலோ மலக்குடலிலோ தோன்றுகிறது. முதியோரிடம் காணப்படும் ‘பிராஃப்’ மரபணு மாற்றம் இவர்களிடம் குறைவு. 50 வயதுக்குள் பாதிக்கப்படுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பரம்பரை மரபணுக் கோளாறு உண்டு. அதில் முக்கியமானது ‘லிஞ்ச்’ நோய்க்குறி. உயிரணு பிரியும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் இவர்களுக்குக் குறைவு. பிழை குவிந்த கட்டியை உடலின் எதிர்ப்புச் சக்தி எளிதில் அடையாளம் காண்பதால், நோயெதிர்ப்புச் சிகிச்சை இவர்களுக்கு நல்ல பலன் தருகிறது.

மற்ற நால்வருக்கு என்ன காரணம்? ‘நேச்சர்’ இதழில் 2025ல் வெளியான ஆய்வு, 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளின் மரபணுக்களை அலசியது. குடலில் வாழும் சிலவகை ‘இ.கோலை’ கிருமிகள் சுரக்கும் ‘கோலிபேக்டின்’ நச்சின் தடம், 70 வயதைக் கடந்தோரைவிட 40 வயதுக்குட்பட்டோரிடம் 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. சிறுவயதிலேயே அந்தத் தடம் பதிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதுவே நோய்க்குக் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. அந்த 11 நாடுகளில் தாய்லாந்தும் ஜப்பானும் உண்டு. சிங்கப்பூரும் இந்தியாவும் இல்லை. தமிழர் குடலுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடை தேட முடியாது.

இன்றைக்குக் கையில் இருக்கும் கருவி குடும்ப வரலாறுதான். லிஞ்ச் உறுதியானவர்களுக்குப் பொதுவாக 20 முதல் 25 வயதிலேயே பெருங்குடல் அகநோக்கிச் சோதனை தொடங்குகிறது. ஆனால், “தாத்தாவுக்கு வயிற்றில் கட்டி, ஊரில் இறந்துவிட்டார்” என்பதோடு பல வீடுகளில் விவரம் நின்றுவிடுகிறது. எந்த வயதில், எந்த உறுப்பில் என்பதுதான் மருத்துவருக்குத் தேவை. சித்தப்பாவிடமோ அத்தையிடமோ கேட்டால் தெரியக்கூடிய செய்தி அது. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதே கேட்டுவிடலாம்.