பின்சில்லருகே ஒரு வளையம்

விழா மலருக்குத் தமிழாசிரியரிடம் கட்டுரை கேட்பவர்கள் கம்பனையோ வள்ளுவனையோ எதிர்பார்ப்பது இயல்பு. இம்முறை நாம் பழைய மோட்டார் சைக்கிளின் பின்புறச் சொக் அப்சோபரைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு மலராசிரியர் எம்மைப் பொறுத்தருள்வாராக. காரணம் இல்லாமலில்லை.

தந்தையார் விட்டுச்சென்ற 125 சி.சி. ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்று எம்மிடம் உண்டு. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலை விட்டு உதைத்துக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டப்பட்ட வண்டிகளுள் அதுவும் ஒன்று. நாள்தோறும் அதில் நாம் தனியே பாடசாலைக்குப் போய்வருகிறோம். மாதம் ஒருமுறை தாயாரை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போவது வழக்கம். ஒருநாள் அவர், "தம்பி, நான் பஸ்ஸிலை போறன்; நீ பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றார். எமது வேலைப்பளுவை எண்ணிச் சொல்கிறார் என்றே கொண்டோம். நான்கு மாதங்கள் கழிந்தபின், அயல்வீட்டார் வாயிலாகவே உண்மை தெரிந்தது. மதகுதோறும் கிடங்குதோறும் வண்டி இடித்த இடி அவர் முதுகில் ஏறி, அன்றிரவு படுக்க முடியாதபடி செய்திருக்கிறது. சொன்னால் மகன் தகப்பனின் வண்டியை விற்றுவிடுவான் என்றஞ்சி அவர் வாய் திறவாதிருந்தார்.

எம்மை வருத்தியது அதனினும் பெரிது ஒன்று. தாயார் ஏறும் வண்டி மெத்தென்றிருக்கட்டும் என்று கருதி, வில்லின் அடியிலுள்ள படிவளையத்தை ஆகத் தாழ்ந்த படியில் வைத்தவர் நாமே.

அந்த வளையத்தை ஏற்றினால் வில் கடினமாகும், இறக்கினால் மெதுவாகும் என்பது திருத்தகங்களிலும் கேட்கும் வார்த்தை. அது பிழை. ஒரே சீராகச் சுற்றிய வில்லின் விறைப்பு, கம்பியின் தடிப்பிலும் சுற்றுக்களின் விட்டத்திலும் எண்ணிக்கையிலும் உள்ளது. வளையத்தைத் திருப்புவதால் இவற்றுள் ஒன்றேனும் மாறுவதில்லை. மாறுவது யாதெனின், பாரம் ஏறுமுன்னரே வில் எவ்வளவு அமுக்கப்பட்டிருக்கிறது என்பதும், அதன் பயனாகப் பாரம் ஏறியபின் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுமே. எமது வண்டியில் பின்சில்லு மேலுங் கீழும் அசையக்கூடிய தூரம் ஏறக்குறைய 75 மில்லிமீற்றர். இருவர் ஏறியவுடனேயே அதிற் பெரும்பகுதி தாழ்ந்துவிட்டால், கிடங்கு வரும்போது வில்லுக்கு அமுங்க இடமேது? அது முடிவிலுள்ள இறப்பர்க் கட்டையில் மோதுகிறது. அந்த மோதல் ஆசனத்துக்கு நேரே போகிறது. தாழ்ந்த படியே இடியைத் தந்தது.

அளந்து பார்த்தோம். அளப்பது மிக எளிது. வண்டியை டபிள் ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லு நிலந்தொடாது தொங்க, சில்லின் அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே மட்காட்டிலுள்ள ஓர் ஆணிவரை நாடாவாற் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வண்டியை ஸ்ராண்டிலிருந்து இறக்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள, வழக்கமாக ஏறுவோர் ஏறியிருந்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டின் வேறுபாடே தாழ்வு. அசையுந் தூரத்தின் மூன்றிலொரு பங்கை ஒட்டி அது இருத்தல் நன்று. எமது வண்டியில், ஆகத் தாழ்ந்த படியில், நாம் தனியே இருக்க 27 மில்லிமீற்றர். தாயாரும் ஏற 44. நான்காம் படிக்கு ஏற்றியபின் இருவருக்கும் 28 ஆயிற்று. நாம் தனியே போகும் நாட்களுக்கு இரண்டாம் படியே போதும். அளவுநாடாவைப் பிடித்திருந்த எமது மகன், இலக்கங்களைக் கேட்டு எழுதுகையில் எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

வளையத்தைத் திருப்ப, கொக்கி போல் வளைந்த ஸ்பனர் ஒன்று வேண்டும். உளியும் சுத்தியலுங் கொண்டு அடித்தவர்களின் வண்டிகளில் வளையத்தின் பற்கள் தேய்ந்து வழுக்குவதை நாம் கண்டதுண்டு. முதலில் மண்ணைக் கழுவி, எண்ணெய் விட்டு, சில்லு தொங்கும் நிலையிலேயே திருப்பவேண்டும். இருபுறமும் ஒரே படியில் நிற்கவேண்டும். உயரம் மாறினால் செயினின் தளர்வும் மாறக்கூடும். ஆட்கள் ஏறியிருக்கையில் அதனைப் பார்த்துக்கொள்க. இரவிற் பயணஞ் செய்வோர் இன்னொன்றையும் கவனிப்பாராக: பின்புறம் தாழ்ந்தால் முன்விளக்கு மேல்நோக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

எல்லாக் குறையும் வளையத்தாலே தீருமென்பது எமது வாதமன்று. ஆசனத்தை அழுத்திவிட, வண்டி எழுந்து அமைதியாக நில்லாது குதித்துக்கொண்டிருந்தால், அல்லது தண்டில் எண்ணெய் கசிந்திருந்தால், உள்ளிருக்கும் எண்ணெய்த் தணிப்பி பழுதாயிற்றென்க; அதற்குப் புதுச் சொக் அப்சோபரே மருந்து. ரயரின் காற்றழுத்தத்தை எல்லாவற்றுக்கும் முன்னரே பார்த்தல் வேண்டும். வளையமே இல்லாத வண்டிகளும் உள.

இனி, இதனை இம்மலரில் எழுதுவதன் நோக்கத்துக்கு வருவோம். வில்லில் படிகளைத் தொங்கவிட்டு நீட்சியை அளந்து, நேர்கோட்டு வரைபு கீறாத மாணவர் எமது கல்லூரியில் இலர். றொபேட் ஹூக் 1678 இல் வெளியிட்ட விதி அது. நாமும் சாதாரணதரத்தில் அதனைக் கீறி நல்ல புள்ளி பெற்றோம். ஆசிரிய கலாசாலையிலும் பயின்றோம். வலியறிதல் என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் படிப்பித்தும் வருகிறோம். அப்படியிருந்தும் வளையத்தைப் பிழையான படியிலே வைத்தோம். விஞ்ஞான கூடத்து வில்லும் மரநிழலில் நிற்கும் வண்டியின் வில்லும் ஒன்றென எமக்கு எவருஞ் சொல்லவில்லை. நாமும் எம் மாணவர்க்குச் சொல்லவில்லை.

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழாவை ஒட்டிக் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று ஆலோசித்து வருகின்றனர். மண்டபம் வேண்டும், மேடை வேண்டும் என்போரை நாம் மறுக்கவில்லை. அவற்றோடு சைக்கிள் கொட்டகையின் தூணொன்றில் தொங்குமாறு இரண்டு கொக்கி ஸ்பனர், ஓர் அளவுநாடா, காற்றழுத்தமானி ஒன்று ஆகியவற்றையும் வாங்கித் தரும்படி விண்ணப்பிக்கிறோம். பத்தாம் வகுப்பு விஞ்ஞான ஆசிரியர் இசைந்தால், வில்லின் விதியைப் படிப்பிக்கும் நாளில் எமது வண்டியையே கொட்டகையில் விட்டுத்தருவோம். அளக்கையில் ஏறியிருக்கவும் ஆயத்தமாயிருக்கிறோம். ஸ்பனரை எடுத்துச்சென்று திருப்பி மாட்டாத ஆசிரியர் யாவர் என்பதையும், மாணவர்கள் எம்மிடம் சொல்லிவிடுவார்கள்.