ரஜினிக்கு நாலு கலர் அடிச்சா பாப் ஆர்ட்டா?

போன செமஸ்டர் கல்ச்சுரல்ஸ்ல போஸ்டர் போட்டிக்கு 'உங்க ஸ்டைல்ல பாப் ஆர்ட்'னு தலைப்பு கொடுத்தாங்க. முதல் பரிசு எனக்கு. நான் செஞ்சது இவ்வளவுதான்: நெட்ல ஒரு பழைய ரஜினி ஸ்டில்ல எடுத்தேன், நாலு காப்பி போட்டேன், மஞ்சள், பிங்க், பச்சை, ஊதான்னு ஃபில்டர் தட்டினேன், பிரின்ட் எடுத்து அதுமேல அக்ரிலிக்ல ஓட்டிட்டேன். மொத்தம் ரெண்டு மணி நேரம். பக்கத்து டேபிள்ல ரெண்டு பேர் கமலுக்கும் விஜய்க்கும் இதையே செஞ்சிருந்தாங்க. எனக்கு பரிசு கிடைச்சதுக்கு ஒரே காரணம், என் பிங்க் கொஞ்சம் தூக்கலா இருந்தது.

மக்களே, அது பாப் ஆர்ட் இல்ல. பரிசு வாங்கின வாயாலயே சொல்றேன்.

ஆண்டி வார்ஹாலின் கேம்ப்பெல் சூப் டின் ஓவியங்கள் முதலில் மாட்டப்பட்டது 1962 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் கேலரியில். மொத்தம் 32 கேன்வாஸ். ஏன் 32? அப்போ அந்தக் கம்பெனி 32 வகை சூப் விற்றது, அவ்வளவுதான் லாஜிக். பார்க்க அச்சடிச்ச மாதிரி இருந்தாலும் அத்தனையும் கையால் வரைந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு கேலரிக்காரர் நிஜ சூப் டின்களையே ஜன்னலில் அடுக்கி வைத்து கிண்டல் பண்ணினார். கடைசியில் கேலரி நடத்திய இர்விங் ப்ளம் 32-ஐயும் சேர்த்து 1000 டாலருக்கு, தவணையில் வாங்கிக்கொண்டார். இன்னிக்கு அவை நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட்டில் இருக்கின்றன.

இதில் ஹீரோ யாரு? தினமும் அந்த ஊர் சமையலறையில் திறக்கப்பட்ட ஒரு தகர டப்பா. நம்மாளுங்க அதிலிருந்து எடுத்துக்கிட்டது கலரை மட்டும்தான். டப்பாவ விட்டுட்டோம்.

அப்போ நம்ம டப்பா எது? எனக்கு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கல. திருநீர்மலை பக்கம் விடியக்காலையில நடந்தா தெருமுனையில நீல கிரேட்டுகள் அடுக்கியிருக்கும். ஆவின் பாக்கெட். நீலம், பச்சை, ஆரஞ்சு. வார்ஹால் தேடித் தேடி கலர் மாத்தினார். இங்க கலர் மாறினா அர்த்தமே மாறுது. நீலத்தில கொழுப்பு 3 சதவீதம், பச்சையில 4.5, ஆரஞ்சில 6. எங்க வீட்ல எப்பவும் நீலம்தான். ஆரஞ்சு வந்தா அன்னிக்கு விருந்தாளின்னு அர்த்தம். 2023-ல பச்சைக்குப் பதிலா ஊதா பாக்கெட்னு பேச்சு வந்தப்போ எவ்வளவு பெரிய சண்டை ஓடுச்சுன்னு ஞாபகம் இருக்கா? ஒரு வீட்டோட பட்ஜெட்டையே கலர்ல சொல்ற பொருள் வேற எது இருக்கு?

ஸோ, வரைய உட்கார்ந்தேன். இந்த முறை ஃபில்டர் இல்லாம. பன்னிரண்டு சின்ன கேன்வாஸ் போர்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில ஒரு கட்டு பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கி ஸ்டென்சில் வெட்டினேன். இங்கதான் முதல் அடி விழுந்துச்சு. 'ஆவின்' எழுத்த வெட்டினா சுழிக்குள்ள இருக்கிற துண்டு பொத்துன்னு விழுந்துடுது. ஒவ்வொரு சுழிக்கும் ஒரு சின்ன பாலம் விட்டு வெட்டணும். நாலு ஃபிலிம் வீணாப்போச்சு. சுவர்ல ஸ்டென்சில் அடிக்கிற பெயின்டர் அண்ணன்களுக்கு இது மனப்பாடம். மூணாவது வருஷ மெக்கானிக்கல் மாணவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆச்சு.

ரெண்டாவது அடி இதைவிட சுவாரசியம். டின் நிமிர்ந்து நிக்கும், ஒண்ணு வரைஞ்சா முப்பத்திரண்டும் அதே வடிவம். பால் பாக்கெட் அப்படியில்ல. கசங்கும், தொப்பை போடும், ஒரு மூலை மடங்கிக்கும். பன்னிரண்டும் பன்னிரண்டு மாதிரி வந்துச்சு. முதல்ல எரிச்சலா இருந்தது. அப்புறம் மலைக்கோயில் ஞாபகம் வந்துச்சு. இங்க பெருமாளுக்கு நாலு கோலம்: அடிவாரத்தில நீர்வண்ணரா நிக்கிறார், மேல நரசிம்மரா இருக்கிறார், அரங்கநாதரா கிடக்கிறார், உலகளந்தவரா நடக்கிறார். ஆள் ஒண்ணுதான், நாலும் வேற வேற. (இத வீட்ல சொன்னா பாட்டி அடிக்க வருவாங்க. பால் பாக்கெட்டையும் பெருமாளையும் ஒண்ணா வைக்கலாமா? நான் வைக்கல பாட்டி, ஞாபகம் வந்துச்சுன்னுதான் சொன்னேன்.)

என் ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டான். "டேய், வார்ஹாலே அடுத்தவன் போட்டோவ சுட்டவர்தானே? மர்லின் மன்றோ படம் அவர் எடுத்ததா?" நியாயமான கேள்வி. அது 'நயாகரா' படத்துக்காக எடுத்த விளம்பர ஸ்டில். அதிலிருந்து வந்த ஒரு மர்லின் 2022-ல 19.5 கோடி டாலருக்கு ஏலம் போச்சு.

ஆனா கதை அங்க முடியல. லின் கோல்ட்ஸ்மித்னு ஒரு போட்டோகிராஃபர் 1981-ல பாடகர் பிரின்ஸை எடுத்த படத்த, 1984-ல 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை 400 டாலர் கொடுத்து ஒரே ஒரு முறை பயன்படுத்த அனுமதி வாங்கிச்சு. வார்ஹால் அத வச்சு ஒண்ணு இல்ல, பதினாறு செஞ்சார். 2016-ல பிரின்ஸ் இறந்ததும் அதுல இன்னொண்ணு ஒரு சிறப்பிதழோட அட்டையில வந்துச்சு. காசு வார்ஹால் அறக்கட்டளைக்குப் போச்சு, போட்டோ எடுத்தவங்களுக்கு ஒரு பைசா வரல. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே மாதம் 7-க்கு 2 என்ற கணக்கில், அந்த அட்டைப்பட விஷயத்தில் கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பாச்சு.

அப்போ ஆவின் லோகோ மட்டும் உன்னோடதான்னு கேட்டா, இல்லதான். ஆனா என் படத்தப் பாத்துட்டு யாரும் பால் வாங்குறத நிறுத்தப் போறதில்ல. கேம்ப்பெல் கம்பெனிக்காரங்களே 1964-ல வார்ஹாலுக்கு பாராட்டி கடிதம் போட்டாங்க. போட்டோகிராஃபர் கதை வேற. அவர் விக்கிறதே அந்தப் படத்தைத்தான். அதே படத்துல நான் கலர் தடவி டீ-ஷர்ட்ல விக்கும்போது அவர் தட்டுல கை வைக்கிறேன்.

நம்ம படங்களோட டைட்டில் கார்டுல 'ஸ்டில்ஸ்'னு ஒரு வரி வேகமா ஓடும். என் முதல் பரிசு போஸ்டர்ல இருந்த படம் அந்த வரியில இருக்கிற யாரோ ஒருத்தரோடது. பின்னாடி என் பேரும் ரோல் நம்பரும் எழுதினேன், அவர் பேரத் தேடக்கூட இல்ல. இந்த வருஷ போட்டி விதிகள்ல ஒரே ஒரு வரி சேக்கச் சொல்லி கமிட்டிகிட்ட கேட்டிருக்கேன்: போட்டோவ வச்சு வரைஞ்சா, அத யார் எடுத்ததுன்னு பின்னாடி எழுதணும். கண்டுபிடிக்க முடியலன்னா வேற எதையாவது வரையலாம். கமிட்டி பாக்கலாம்னு சொல்லியிருக்கு.

பன்னிரண்டு போர்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஹால்ல அடுக்கிக் காமிச்சேன். அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "ஆரஞ்சு ஏன்டா நாலு வச்சிருக்க? நம்ம வீட்ல யாரு வர்றா?"ன்னாங்க.