பூவைக் கிள்ளும் கை

ஊரில் ஒட்டு மாங்கன்று வளர்த்தவர்கள் நம்மில் பலர். மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களும் நாமே. கன்றிடம் காட்டிய அக்கறையைப் பள்ளியிடம் காட்டினோமா?

ஒட்டுக் கன்று சீக்கிரமே பூக்கும். விவரமறிந்தவர் முதல் மூன்றாண்டுப் பூவைக் கிள்ளி எறிவார். பிஞ்சுக்கு ஆசைப்பட்டால் மரம் தேறாது. நாமோ பொறுப்பேற்ற மறுமாதமே மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறோம்!

ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரும் செழிப்பாகத்தான் இருக்கும். விட்டுவைத்தால் ஒட்டையே நலியச் செய்துவிடும். பள்ளியின் பெயரால் வளரும் கோஷ்டிப் பூசலும் அப்படித்தான். முளையிலேயே கிள்ள வேண்டும்.

வளர்ந்த மரத்துக்கு அடிமரத்தில் நீர் ஊற்றுவதில்லை. கிளைநிழல் முடியும் ஓரத்தில்தான் நீரை உறிஞ்சும் வேர்கள் மிகுதி. நம் பள்ளிக்கு அந்த ஓரம் எது? இரவு வேலை முடித்து வரும் தந்தை. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் தாய். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் இவர்கள் எப்படி வருவார்கள்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். உரிமை ஏட்டில் இருக்கிறது. நாற்காலி காலியாக இருக்கிறது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள்.

நம் பிள்ளை படித்து முடித்துப் போய்விடுவான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பள்ளி வேண்டும். தனக்குக் காய்க்குமா என்று கேளாமல் நீர் விடுபவரே தலைவர். பெற்றோர்களே, அடுத்த கூட்டத்துக்குக் கணவனும் மனைவியுமாக வாருங்கள்!