ஓரியைக் காரி ஏன் கொன்றான்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

விடுதி உணவுக்கூடத்தில் ஒருநாள் இரவு பெரிய வாக்குவாதம். 2022 பிப்ரவரி 24 அன்று உருசியப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தது ஏன் என்பது கேள்வி. "எல்லாம் புதின் என்ற ஒரு மனிதரின் ஆணவம்" என்றார் ஒருவர். "நேட்டோ அணி கிழக்கே கிழக்கே நகர்ந்து வந்தால் எந்த வல்லரசுதான் கைகட்டிக்கொண்டிருக்கும்?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பொருளாதார மாணவர். எரிவாயு, கோதுமை, கருங்கடல் துறைமுகம் என்று அடுக்கினார். சாம்பார் ஆறிப்போயிற்று. கடைசியில் என் வகுப்புத் தோழர் கைகழுவ எழுந்தவர் சொன்னார்: "நம் ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியை யார் செய்து பார்த்தாலும் ஒரே விடை. இதில் ஆளுக்கொரு விடை. இதெல்லாம் ஒரு படிப்பா?"

அனைவரும் சிரித்துவிட்டுப் படுக்கச் சென்றோம். அக்கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை. பன்னாட்டு உறவு என்பது உண்மையில் ஒரு படிப்புதானா? படிப்புதான் என்பது என் துணிபு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காரணம் சொல்ல வாயெடுக்கும் முன், எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறோம், எங்கே நின்றுகொண்டு சொல்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாதவரை பேராசிரியர் பேசினாலும் அது டீக்கடைப் பேச்சுத்தான்.

உக்ரைன் தொலைவில் இருக்கிறது. நானறிந்த இடத்துக்கு வருகிறேன். எங்கள் கொல்லிமலையில், செம்மேட்டில், வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசே விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்றான். கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். நான் வைத்திருக்கும் போட்டித் தேர்வு வழிகாட்டியில் இது ஒரே வரி. 'ஓரியைக் கொன்றவர் யார்?' என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருக்கிறார்கள். ஏன் கொன்றான் என்ற கேள்வி அதில் இல்லை. கேட்டுப் பாருங்கள், உணவுக்கூடத்து வாக்குவாதம் அப்படியே எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலைமேல் வந்து நிற்கும்.

காரியின் பேராசையே காரணம் என்பார் ஒருவர். அது தனிமனிதனைக் காரணமாக்கும் விடை. அடுத்தவர் கௌடலியரைத் துணைக்கழைப்பார். 1905-இல் மைசூரில் சாமசாஸ்திரியார் கண்டறிந்து 1909-இல் பதிப்பித்த அர்த்தசாஸ்திரம், அண்டை அரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அடுத்தவன் இயல்பாகவே நண்பன் என்று வட்டம் வட்டமாக வகுத்துக் காட்டுகிறது. கிழக்கே திருக்கோவலூரில் காரி, மேற்கே சேரன், இடையில் கொல்லி. கணக்கு எவ்வளவு எளிதாகப் பொருந்திவிடுகிறது! மூன்றாமவரோ, வேந்தர்க்குப் போர்த்துணை போவதும், பெற்ற பொருளைப் பாணர்க்கும் புலவர்க்கும் வாரி வழங்குவதும், அதனால் புகழ் பெறுவதுமே அக்காலத் தலைவர்களின் அறம். அந்த அறத்தை அறியாதவர் அந்தப் போரையும் அறியமாட்டார் என்பார்.

மூன்றும் அழகாகத்தான் இருக்கின்றன. சான்று எங்கே?

அகநானூற்றின் 209-ஆம் பாட்டில் கல்லாடனார், காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்ததைச் சொல்கிறார். நற்றிணை 320-இல் கபிலர், ஓரியைக் கொன்ற பின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை உவமையாக்குகிறார். இரண்டும் அகப்பாட்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். காதலைப் பாட வந்தவர்கள் போகிறபோக்கில் போரைத் தொட்டுச் சென்றிருக்கிறார்கள். போரைப் பற்றி யாரையும் நம்பவைக்க வேண்டிய தேவை அந்த இடத்தில் அவர்களுக்கு இல்லை. ஆகவே நிகழ்ச்சி நடந்தது என்பதற்கு அச்சான்றுகள் எடைமிக்கவை என்று கருதுகிறேன். ஆனால் 'ஏன்' என்பதற்கு அவை வாய் திறக்கவில்லை. புறநானூற்றின் 122-ஆம் பாட்டு ஓரளவு உதவுகிறது. மூவேந்தருள் ஒருவர்க்குத் துணையாக வேண்டும் என்று புகழ்ந்து அவர்களின் ஆட்கள் கொண்டுவந்து தருவதே காரியின் செல்வம் என்ற பொருளில் அதிலும் கபிலரே பாடுகிறார். வேந்தர்கள் விரும்பித் தேடிய போர்த்துணை காரி என்பது இதனால் தெரிகிறது. இது மூன்றாம் விடைக்குச் சற்றே வலுவூட்டுகிறது. எனினும் கபிலர் காரியைப் புகழ்ந்து பாடிய புலவர். அவரை நடுநிலைச் சான்றாளர் என்று எப்படிக் கொள்வது?

இங்கே நான் ஒருமுறை வழுக்கி விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தின் பதிகம், பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இருபெரு வேந்தரையும் ஒருங்கே வென்று தகடூரை அழித்தான் என்கிறது. படித்ததும் மெய்சிலிர்த்தது. கொல்லி சேரன் கைக்குப் போனது. அவன் மிஞ்சிவிடுவான் என்று அஞ்சி மற்றவர்கள் ஒன்றுகூடினர். இதுவன்றோ ஐரோப்பியர் சொல்லும் வல்லமைச் சமநிலை என்று குதித்தேன். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பதிகங்கள் பாட்டுகளோடு பிறந்தவையல்ல, பின்னால் தொகுத்தோர் சேர்த்தவை என்று தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான், எனக்குப் பிடித்த கோட்பாட்டுக்காகச் சான்றின் வயதைப் பார்க்காமல் விட்டேன் என்பது புரிந்தது. ஆய்வுக்கூடத்தில் விடையை முன்னரே தெரிந்துகொண்டு அளவீடுகளைத் திருத்தி எழுதுகிறோமே, அதே குற்றம்தான். (அப்படிச் செய்யாத பி.எஸ்சி. மாணவர் இருந்தால் அவருக்கு என் வணக்கம்.)

இதற்கு மருந்தைத் திருவள்ளுவர் 'ஒற்றாடல்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். ஒருவரையொருவர் அறியாதபடி ஒற்றர்களை அனுப்ப வேண்டும்; மூவர் சொல்லும் ஒத்திருந்தால்தான் நம்ப வேண்டும் என்பது அங்கே கூறப்படும் கருத்து. ஒற்றர்களின் எண்ணிக்கையைவிட, அவர்கள் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே முக்கியம். நற்றிணைக் கபிலரும் புறநானூற்றுக் கபிலரும் ஒரே கபிலர் என்றால், அது ஒரு சான்றா, இரண்டா? மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பன்னாட்டு உறவு தனிப் பாடமானது முதல் உலகப்போரின் பிணக்குவியலுக்குப் பின்னர்தான். 1919-இல் வேல்சு நாட்டின் அபரிஸ்ட்வித் கல்லூரியில் அதற்கென ஒரு பேராசிரியர் பதவி உண்டாயிற்று. போரை ஒழிக்க வழிகாண்பதே அன்றைய நோக்கம். 1939-இல் இ.எச்.கார், இருக்க வேண்டியதை எண்ணி இருப்பதைக் காணத் தவறினீர்கள் என்று அவர்களை இடித்துரைத்தார். அதே ஆண்டு இரண்டாம் போர் மூண்டது. நம் நாட்டிலும் 1955-இல் தில்லியில் பன்னாட்டுக் கல்விக்கான இந்தியப் பள்ளி தொடங்கப்பெற்று, 1970-இல் சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. என் தோழரின் ஓம் விதிக் கேள்வியை 1966-இல் பெரிய அறிஞர்களே கேட்டுச் சண்டையிட்டிருக்கிறார்கள். சிகாகோவின் மார்ட்டன் கேப்ளன் முதலியோர் அறிவியல் போலவே கருதுகோள், அளவீடு, சோதனை வேண்டும் என்றனர். ஹெட்லி புல் என்பவரோ, வரலாறு, மெய்யியல், சட்டம், அவற்றில் பழகிய மதிநுட்பம் இவையின்றி நாடுகளின் நடத்தையில் பயனுள்ள எதையும் அறியமுடியாது என்றார்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் கேப்ளன் பக்கமே நான் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் நாம் நம் அறிவியலையே சற்றுக் கூடுதலாகப் பெருமையடித்துக்கொள்கிறோம். ஓம் விதிகூட வெப்பநிலை மாறாதிருந்தால்தான் செல்லும். மின்விளக்கின் இழை சூடேறியதும் கோடு வளைந்துவிடுகிறது. வானியலார் ஒரு விண்மீனை ஆய்வுக்கூடத்தில் வெடிக்கச் செய்து பார்ப்பதில்லை. ஆயினும் அது அறிவியல்தான். மீண்டும் செய்துபார்க்க முடியாதது குறையாகாது. எந்த நிபந்தனையில் என் கூற்று செல்லும், எது தெரியவந்தால் அதைக் கைவிடுவேன் என்று சொல்லாததே குறை. ஆனால் விண்மீனுக்கும் மனிதர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதை நான் நூலில் கற்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் கற்றேன்.

மலையில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் குச்சிக்கிழங்கு. அது மலையேறிய கதை பன்னாட்டு உறவின் கதை. முன்பு ஜவ்வரிசி நமக்குத் தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது, வரவு நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் வணிகர் மாணிக்கம் செட்டியார் முதலியோர் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினர். ஆலைகள் பெருகின, கிழங்குக்குத் தேவை பெருகியது, நாளடைவில் மலையின் சாமையும் தினையும் கேழ்வரகும் ஒதுங்கின. சப்பானியத் தளபதி எவருக்கும் கொல்லிமலை என்று ஒன்று இருப்பதே தெரிந்திராது. பின்னர் 2021 மார்ச்சில், இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஒரு போர் சாமையைத் தள்ளத் தொடங்கிற்று. ஒரு தீர்மானம் அதை வா என்று அழைத்தது. இரண்டும் முடிவானபோது மலையில் யாரையும் கேட்கவில்லை.

கென்னத் வால்ட்சு 1959-இல் எழுதிய 'மனிதன், அரசு, போர்' என்னும் நூல், காரணத்தை மனிதனிடம் தேடலாம், அரசின் அமைப்பில் தேடலாம், அரசுகள் கூடிய உலக அமைப்பில் தேடலாம் என்று மூன்று நிலைகளைப் பிரிக்கிறது. சாமை ஏன் போயிற்று என்பதற்கும் அவ்வாறே விடை காணலாம்: உலகப்போர், அரசின் அரிசி வழங்கல், உழவரின் விருப்பம். நானும் அப்படித்தான் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அச்சிட்ட வினாத்தாள் வைத்திருந்தார். 'சிறுதானியம் பயிரிடுவதை ஏன் நிறுத்தினீர்கள்?' என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள்: விலையின்மை, மழையின்மை, ஆளின்மை, பிற. ஆயாவைக் கேட்டார். ஆயா சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னது: "இவனுங்க எல்லாம் பள்ளிக்கூடம் போயிட்டானுங்க தம்பி. குருவி ஓட்ட யாரு இருக்கா? ரேசன் அரிசி வந்திச்சி, அப்புறம் எதுக்கு உரல்ல குத்திக்கிட்டு. இவன் படிக்கட்டும்னு நாந்தான் வெதைக்க வேணாம்னேன்." அவர் 'ஆளின்மை' என்ற கட்டத்தில் குறியிட்டுக்கொண்டார்.

குறி தவறு என்று சொல்லமுடியாது. ஆனால் ஆயா சொன்னது ஆளில்லாத குறையையா? அது ஒரு முடிவை அல்லவா சொன்னது! எடைபோட்டுப் பார்த்து, சாமையை விட்டு என்னை எடுத்துக்கொண்ட முடிவு. விண்மீன் தான் ஏன் வெடித்தது என்று சொல்லாது, மனிதர் சொல்லுவர். அச்சொல்லைக் கேட்காத ஆய்வு பாதி ஆய்வு. இன்னொன்றும் அன்று உறைத்தது. சாமை ஏன் போயிற்று என்று ஆராயப் புறப்பட்ட நானே அது போனதற்கு ஒரு காரணம். வெளியே நின்று பார்க்கிறேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? எந்தக் கோட்பாடும் யாரோ ஒருவர்க்காக, ஏதோ ஒரு நோக்கத்துக்காகவே இருக்கிறது என்ற கருத்தை இராபர்ட் காக்சு 1981-இல் எழுதியதைப் படித்தபோது அது கொஞ்சம் மிகையாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அதற்காக எல்லாம் அவரவர் பார்வை என்று விட்டுவிடவும் நான் உடன்படேன். எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டால், பிறர் என் பிழையைத் திருத்திப் படிக்கலாம். கருவியின் சுழிப்பிழையைக் குறித்துவிட்டு அளவெடுப்பதுபோல.

ஓரியின் கதைக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். 'எங்கள் ஓரி' என்று விழாவில் முழங்குகிறோம். ஆனால் எங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பதே மலையாளிகளாகிய எங்கள் பழங்கதை. அந்தக் கதை மெய்யானால், காரி புகுந்த அன்று அந்தத் தெருவில் கூச்சலிட்டவர்கள் வேறு மக்கள். அவர்கள் என்ன சொல்லிக் கூச்சலிட்டார்கள் என்று எந்தப் புலவரும் எழுதிவைக்கவில்லை. அதற்கு இனி வழியில்லை. குச்சிக்கிழங்கு மலையேறியதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். தமிழ், வரலாறு, பொருளியல் துறைகளோடு அறிவியல் துறை மாணவர்களையும் சேர்த்து, விடுமுறையில் மலையின் பதினான்கு நாடுகளுக்கும் எங்களை அனுப்புங்கள். கட்டம் போட்ட தாள் வேண்டாம். வெற்று நோட்டு போதும். யார் சொன்னது, எப்போது சொன்னது, கேட்டவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

நான் தொடங்கிவிட்டேன். ஆயா சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் சித்தப்பாவோ, குருவியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, கிழங்குக்கு முன்பணம் கொடுத்ததால்தான் மாறினோம் என்று அடித்துச் சொல்கிறார். இருவர் சொல்லும் ஒக்கவில்லை. அந்நாளில் எங்கள் ஊரிலிருந்து கிழங்கு ஏற்றிப்போன லாரிக்காரர் ஒருவர் சோளக்காட்டுச் சந்தைக்கு இன்னும் வருகிறாராம். ஆயாவையோ சித்தப்பாவையோ அவருக்குத் தெரியாது. அடுத்த சந்தை நாளில் அவரைப் பார்க்கப் போகிறேன்.