யார் கரையில் யார் கலை?

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறை உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. உள்ளே, 17-ஆம் நூற்றாண்டுக் கற்களில் அயலான் தன் மொழியில் தன் பெயரை வெட்டிவைத்துள்ளான். அவன் 1613-இல் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இடிந்து போயிற்று, எழுத்தோ நிற்கிறது. அதனை இந்திய அரசின் தொல்லியல் துறை காக்கிறது. காக்கட்டும்! ஆனால் அதே கரையில் வலைவீசி வாழ்ந்து மாண்ட தமிழ் மீனவனின் பெயரை எந்தக் கல்லில் எவன் பொறித்தான்?

கல்லை நடுகிறவனே காலத்தைத் தனதாக்கிக் கொள்கிறான் என்பதே இக்கல்லறை கற்பிக்கும் பாடம். இன்று அந்தக் கல்லை நடுவோர் பெருவணிகக் குழுமத்தார். இன்ஸ்டலேசன் என்று அவர்கள் பெருமையடித்துக் கொள்வதை நாம் நிறுவுகலை என்போம். பொது இடத்திலும் வணிக மாளிகை முகப்பிலும் உருக்களை நிறுத்துகிறார்கள். சுவர்தோறும் வண்ணம் தீட்டுகிறார்கள். யாருக்காக? எம்மொழியில்? யாரைக் கேட்டு?

சென்னையைப் பாருங்கள். கூவம் முதலிய நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்த ஏழை மக்களை வேரோடு பெயர்த்து, 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் தென்கோடியில் குவித்தனர். அவ்விடத்திற்குக் கண்ணகி நகர் என்று பெயர் வைத்தனர். 2020-இல் அதன் அடுக்ககச் சுவர்களில் பேரோவியங்கள் எழுந்தன. மாநகராட்சியும், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும், ஆசியன் பெயிண்ட்ஸ் வண்ணக் குழுமமும் அப்பணியில் கைகோத்தன. உடனே அவ்வூருக்கு ஆர்ட் டிஸ்ட்ரிக்ட் என்று ஓர் ஆங்கில முடி! ஓவியரின் உழைப்பை நாம் பழிக்கவில்லை. சுவர் அழகுபெறுவதையும் வெறுக்கவில்லை. வாழ்விடம் பறிபோனதன் வடுவை வண்ணம் ஆற்றிவிடுமா என்றே கேட்கிறோம்.

கண்ணகி என்ற பெயரே நமக்கு நினைவூட்டுவது ஒன்றுண்டு. 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட அவள் சிலை, 2001 திசம்பரில் பெயர்க்கப்பட்டது. தமிழ் மக்கள் குமுறினர். 2006-இல் அது மீண்டும் எழுந்தது. ஏன் குமுறினர்? அச்சிலை அவர்களுடையது! அதே கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த இராய் சௌத்ரி வங்காளியே. ஆயினும், பாறை பெயர்க்கும் அந்நால்வரில் உழைப்பவன் தன்னைக் காண்கிறான். எனவே, கைவண்ணம் எவருடையது என்பதன்று நம் வழக்கு; அக்கலை மக்களின் உள்ளத்தோடு பேசுகிறதா என்பதே வழக்கு.

பழவேற்காட்டு மக்கள் கலையறியாதவரா? அங்குப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளைப் பாருங்கள். ஏரியில் எந்நாளில் எவர் எங்கே வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் ஏற்பாட்டைப் பாருங்கள். அதில் பங்கு பெறாதாரும் உளர். அக்குறை களையப்பட வேண்டியதே. ஆயினும், நீரின் மேல் வேலியின்றி வகுத்த அவ்வொழுங்கு எந்த மாளிகைச் சிற்பத்துக்கும் இளைத்ததன்று.

அம்மக்கள் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகின்றனர். கடலும் ஏரியும் கைவிட்டுப் போனபின், அவர்களின் பழைய வலையொன்றைக் குளிரூட்டிய கூடத்தில் தொங்கவிட்டு, அதனடியில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதுவார்களாயின் அது கலையாகுமா? அது இன்னொரு கல்லறையே!

தமிழர்களே! உங்கள் ஊரில் எவர் எதை நிறுவ வந்தாலும் மூன்று கேளுங்கள். ஊரார் இசைவு பெற்றாயிற்றா? தமிழில் பெயர் பொறித்தாயிற்றா? எம் நீரையும் நிலத்தையும் எமக்கே விட்டு வைப்பீரா? இம்மூன்றிற்கும் ஆம் என்பவனை வரவேற்போம். அல்லாதவன் உருவைத் தோளில் சுமந்தபடியே திரும்பட்டும்!