நினைவை நம்பி எடுக்கும் பேக்கப்

வாசுதேவநல்லூர் மாதிரி ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவுக்கும், டி.டி.பி. கடைக்கும், வரவு செலவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும் வியாபாரிக்கும் பல வருட உழைப்பு ஒரே ஹார்டு டிஸ்க்கில்தான் கிடக்கிறது. பேக்கப் பற்றிக் கேட்டால், “அப்பப்ப பென் டிரைவுல ஏத்தி வச்சிருவோம்” என்பார்கள். இந்த ‘அப்பப்ப’வில்தான் ஆபத்து. புதுக் கோப்புகள் குவிவது முகூர்த்த மாதத்தில். காப்பி எடுக்க நேரமே கிடைக்காததும் அதே மாதத்தில். போனால் பெரிய நஷ்டம் வரும் நாளில் பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறோம். இது சோம்பேறித்தனம் அல்ல, வேலைப்பளு. அதனால்தான் இந்தப் பொறுப்பை மனிதரிடமிருந்து எடுத்து, ரவுட்டரில் கேபிள் மாட்டிய ஒரு நாஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும்) பெட்டியிடம் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

தானாக நடப்பதை நம்பலாமா என்று கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் கைதவறி முக்கியத் தரவுதளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கென்று பல ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் போனால் தினசரி பிரதி இருக்க வேண்டிய இடம் காலி. தவறு நடக்கிறது என்று எச்சரித்த மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. அப்படியானால் கையால் எடுப்பதே மேல் என்று வாதிடலாம். ஆனால் அது தற்செயல். தற்செயலை நம்பி யாரும் கடை நடத்துவதில்லை.

நம் கடைகளிலும் இதேபோல் சத்தமில்லாமல் கோளாறு நடக்கும். பேக்கப் இரவு 2 மணிக்கு ஓடும்படி நேரம் குறித்திருப்போம். கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவோம். அந்த வேலை ஒருநாளும் ஓடியிருக்காது. விட்டுப்போனதைக் கம்ப்யூட்டர் போட்டவுடன் ஓட்டும் வசதி விண்டோஸிலேயே உண்டு, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி: கரண்ட் போய் வந்தபின் நாஸ் இணையாமல் இருந்தால், அதற்கான வெற்று ஃபோல்டருக்குள், அதே மெமரி கார்டிலேயே, காப்பி விழுந்து கார்டு நிரம்பிவிடும். நாஸ் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆரம்பிக்கும்படி பேக்கப் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய ஆல்பத்தை நாஸிலிருந்து எடுத்துத் திறந்தும் பார்க்க வேண்டும்.

எல்லாம் கூகுளில் இருக்கிறதே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒத்திசைவு (சிங்க்) என்பது இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கும். நாஸுக்கும் அதே நோய் வரலாம். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற வைரஸ், எழுத அனுமதியுள்ள நெட்வொர்க் ஃபோல்டர்களையும் பூட்டிவிடும். கம்ப்யூட்டர் நாஸில் எழுதுவதை விட, நாஸே வந்து அள்ளிக்கொண்டு போய்ப் பழைய பதிப்புகளைத் தனியே வைப்பது நல்லது. வைரஸ் மட்டுமல்ல, வெள்ளமும் ஆபத்துதான். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்படியொரு வெள்ளத்தில் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரும் அதன் கீழே இருக்கும் நாஸும் சேர்ந்தே போகும். ஒரு ஹார்டு டிஸ்க் மதுரையிலோ சென்னையிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். செலவு இடிக்கிறது என்றால், மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு புது டிஸ்க் போட்டால் அதுவே நாஸ்.