தொடாமலும் குணமாக்கியிருக்கலாம்

மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் இரண்டு அற்புதங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் ஒரு தொழுநோயாளி. இயேசு கை நீட்டி அவரைத் தொட்டுக் குணமாக்குகிறார். அடுத்து ஒரு ரோமப் படைத்தலைவர், வீட்டில் படுத்துக் கிடக்கும் தன் வேலைக்காரனுக்காக வந்து வேண்டுகிறார். இயேசு அந்த வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. சொன்ன சொல்லிலேயே வேலைக்காரன் பிழைக்கிறான்.

அப்படியானால் தொழுநோயாளியையும் தள்ளி நின்றே குணமாக்கியிருக்கலாமே? ஏன் தொட்டார்? நோய் தீரத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தொடக்கூடாதவர் என்று ஒதுக்கி வைத்தார்களே, அந்த ஒதுக்கல் தீரத்தான் தொட வேண்டியிருந்தது. பிரசங்கங்கள் இந்தக் கேள்வியை லாவகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

மாற்கு சொல்லும் பெண்ணைப் பாருங்கள். 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கு. தீட்டு என்ற முத்திரை. அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூட்டத்தில் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொட்டார். இயேசு அதைக் கமுக்கமாக விட்டுவிடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவரை மகளே என்று அழைத்து, குணமானதற்குக் காரணம் அவருடைய நம்பிக்கைதான் என்றார். அதுவரை தொழுகைக்கூடத் தலைவர் யாயிர், மகள் சாகக் கிடக்கும் நிலையிலும் காத்து நிற்கிறார். இங்கே விசுவாசம் என்பது பணிந்து கிடப்பதா, தடையை மீறுவதா? நீங்களே சொல்லுங்கள்.

இதை யூதர்கள் மீதான பழியாக வாசிக்க வேண்டாம். இயேசுவும் யூதர்தான். கேள்வி நம்மை நோக்கியது.

வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார்களுக்கு ஒரு பக்கம் என்று காற்சட்டையின் இரு கால்களைப் போலக் கோயில் கட்டினார்கள். 1910இல் நடுச்சுவர் இடிக்கப்பட்டபோது ஆதிக்க சாதியினர் மனம் திரும்பவில்லை. நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுந்தது. செத்த பிறகும் தீட்டு!

1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. பின்னர் 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. இந்த அநீதியை எதிர்த்துத் திருச்சபை கேட்கும் உரிமை முற்றிலும் நியாயமானது. ஆனால் டெல்லியிடம் நீதி கேட்கும் வாய், சொந்தப் பங்கின் சுவரைப் பற்றி ஏன் மூடிக்கொள்கிறது? சாதி சமூக வழக்கம், விசுவாசத்தோடு சம்பந்தமில்லை என்று தப்பிக்க முடியாது. தொழுநோயாளியைத் தொடாமல் இருந்ததும் அன்றைய வழக்கம்தான்.

தோழர்களே, அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நம்புகிறவர்களிடம் மட்டும் இந்த ஞாயிறு சில கேள்விகள் கேளுங்கள். உங்கள் பங்கில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? தேர்பவனி எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது? திருவிழாக் குழுவில் யாருக்கு இடமில்லை?

பதில் வரும்வரை விடாதீர்கள். அந்தப் பெண்ணும் அனுமதி கேட்டுத் தொடவில்லை.